கல்லுக்குள் பகல், கடலில் இரவு: கார்டினல் மீனைப் பற்றிப் பேசுவோம்

வங்காலைக்கடல்:

வணக்கம். பாரை, விளைமீன், சூடை, கணவாய் என்று விலைபோகும் எல்லாவற்றையும் பற்றி இங்கே நிறையப் பேசியிருக்கிறோம். சந்தைப் பக்கமே வராத ஒரு மீனுக்காக இந்த இழையைத் தொடங்குகிறேன். விரல் நீளம்தான் இருக்கும். மன்னாரில் வங்காலை, அரிப்பு, சிலாவத்துறைப் பக்கம் முருகைக்கல்லில், அதாவது பவளப்பாறையில், இறங்கியவர்கள் கண்டிருப்பீர்கள், நின்று பார்த்திருப்பீர்களா தெரியாது. புத்தகங்களில் கார்டினல் மீன் என்று போடுகிறார்கள். உலகத்தில் 350க்கும் மேற்பட்ட இனங்கள், பெரும்பாலானவை 10 சென்ரிமீற்றரைத் தாண்டாது.

அடையாளம் சொல்கிறேன். உடம்புக்கு அளவில்லாத பெரிய கண், பெரிய வாய், முதுகில் ஒன்றையொன்று தொடாத இரண்டு செட்டை. இந்தியப் பெருங்கடல் முழுக்கப் பரவியுள்ள ஐந்து கோட்டு இனம் லேசாகப் பிடிபடும்: வெளிர் உடம்பில் தலையிலிருந்து வால்வரை ஐந்து கறுப்புக் கோடு, வால் தொடங்கும் இடத்தில் மஞ்சள் திட்டு, அதன் நடுவே கறுப்புப் பொட்டு. இன்னொன்று செம்புப் பொன் நிறம். கண்ணோடு சேர்ந்து நீலக் கோடுகள் ஓடும், வாலடியில் கறுப்பு வளையம் இருக்கும். முழுச் சிவப்பானவையும் உண்டு. தண்ணீரில் சிவப்பு வெளிச்சம்தான் முதலில் அற்றுப்போகும் என்பதால் கொஞ்சம் ஆழம் போனாலே அந்தச் சிவப்பு கறுப்பாகத்தான் தெரியும். இரவில் திரிகிறவனுக்கு அது நல்ல மறைப்பு.

பகல் முழுக்கப் பொந்துக்குள், கொம்பு முருகையின் கிளைகளுக்கிடையில், கறுப்புக் கடல்முள்ளியின் நீள முட்களுக்கு நடுவில் கூட்டமாக அசையாமல் நிற்கும். பொழுதுபடும் நேரம் அந்தக் கல்லடியில் இருந்து பார்க்கவேண்டும். கிளிமீனும் வண்ணாத்தி மீனும் ஒவ்வொன்றாக இறங்கிப் படுக்கைக்குப் போகும். ஆனால் இரவு மீன்கள் உடனே வராது. இடையில் கால் மணி நேரம்போலக் கல்லின் மேல் சிறுமீன் எதுவும் இருக்காது. மங்கல் வெளிச்சத்தில் கீழிருந்து பார்க்கும் கலவாய்க்கும், பாய்ந்து வரும் பாரைக்கும் மேலே நிற்கும் சிறுமீன் நிழலாகத் துலங்கும். அந்தக் கால் மணி நேரம் வேட்டைக்காரருக்கு உரியது. நன்றாக இருட்டியபிறகுதான் கார்டினல் மீன் ஒன்றிரண்டாக வெளியே வரும். பகலில் தோளோடு தோள் நின்றவை இரவில் பிரிந்துவிடும். சில மணலை அண்டி, சில நடுத்தண்ணீரில், சில கல்லுக்கு மேலே. இறால் குஞ்சு, நண்டுக் குஞ்சு, புழு, இருட்டில் மேலே எழும் நுண்ணுயிர்கள் எல்லாம் அதன் தீன். ஐந்து கோட்டு மீன் சின்ன மீன்களையும் பிடிக்கும். விடியுமுன் எல்லாம் திரும்ப அதே பொந்து.

கண்டவர்கள் எழுதுங்கள்.

செம்மலை வாடி:

தம்பி, எங்கள் பக்கம் வலையில் இப்படி ஒன்று கிடைக்கும். கண் மட்டும் துருத்திக்கொண்டு இருக்கும். கருவாட்டுக்கும் ஆகாது, தூண்டிலுக்கும் நிற்காது, கரையில் தட்டிவிடுவோம். ஒருமுறை தட்டியதில் ஒரு மீனுக்குத் தாடை வீங்கி, வாய்க்குள் செம்மஞ்சளாய் முட்டைக் கட்டி இருந்தது. வேறொரு மீனின் முட்டையைத் தின்றுவிட்டது என்று மருமகன் சொன்னான். எனக்கு அப்படித் தெரியவில்லை. தின்றதென்றால் விழுங்கியிருக்கும், வாய்க்குள் ஏன் வைத்துக்கொண்டு திரிகிறது?

வங்காலைக்கடல்:

அண்ணை, நீங்கள் நினைத்ததுதான் சரி. அது அதனுடைய சொந்த முட்டை. அதைவிட, நீங்கள் கண்டது தகப்பன்.

இந்தக் குடும்பத்தில் முட்டையைச் சுமப்பது ஆண். பெண் முட்டைகளை ஒரே பந்தாக விடும். நூல் நூலான இழைகளால் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும், சிதறாது. ஆண் அதை உடனே வாய்க்குள் எடுத்துக்கொள்வான். தாடைக்குக் கீழே தோல் இழுபட்டுத் தொங்கும், உற்றுப் பார்த்தால் உள்ளே முட்டைகளின் கண்கள் புள்ளி புள்ளியாகத் தெரியும். கொஞ்ச நேரத்துக்கு ஒருமுறை வாயைத் திறந்து, பந்தைப் பாதி வெளியே தள்ளி, சுழற்றித் திரும்ப இழுத்துக்கொள்வான். எல்லா முட்டைக்கும் புதுத் தண்ணீர் படவேண்டும் அல்லவா. தண்ணீரின் சூட்டைப் பொறுத்து ஒரு கிழமை, அதற்கும் மேலே இது நடக்கும். அந்த நாள் முழுக்கச் சாப்பாடு இல்லை. இருட்டில் மற்றவை இரைக்குப் போகும்போது இவன் வாய் நிறைய முட்டையோடு நிற்பான். குஞ்சு பொரித்ததும் இருட்டு நேரத்தில் வெளியே விட்டுவிடுவான். அவை சில கிழமை திறந்த கடலில் மிதந்து வளர்ந்து பிறகு கல் தேடி வரும்.

இதில் எனக்கு மனதைத் தொடுகிற இடம் மூச்சு. மீன் மூச்சு விடுவதும் அதே வாயால்தானே. முட்டைப் பந்து இருக்கும்போது செவுளாகிய பூவுக்குப் போகும் தண்ணீருக்கு வழி குறைகிறது. அவுஸ்திரேலியாவின் பெருந்தடுப்புப் பாறையில் இதைச் சோதித்திருக்கிறார்கள். தண்ணீரில் ஒட்சிசனைக் குறைத்துக்கொண்டே போனால் முட்டை சுமக்கும் ஆண்தான் முதலில் திணறுகிறது. தாங்க முடியாத கட்டத்தில் முட்டையைத் துப்பிவிடுகிறது. வலையில் அகப்பட்ட மீன்களிலும் பல வாயைத் திறந்து எல்லாவற்றையும் விட்டுவிடும். உங்கள் கைக்கு வந்தது கடைசிவரை விடாமல் வைத்திருந்திருக்கிறது.

முத்தையன்கட்டு:

கடல் விஷயம் எனக்குத் தெரியாது, குளத்துக்காரன். ஆனால் வாயில் குஞ்சு வைத்திருக்கும் மீன் எங்கள் குளத்திலும் உண்டு. திலாப்பியா. கரையோரம் குஞ்சுகள் புகைபோல நிற்கும், கொக்கு வந்தால் எல்லாம் வாய்க்குள் ஓடும். அதுவும் ஆணா?

ஒட்டுசுட்டான் ரீச்சர்:

இல்லைத் தம்பி, திலாப்பியாவில் அது தாய். 1952ல் வெளியிலிருந்து கொண்டுவந்து இலங்கைக் குளங்களில் விட்ட மொசாம்பிக் இனம், அதில் முட்டையையும் குஞ்சையும் வாயில் வைத்திருப்பது பெண்தான்.

ஆண் சுமப்பதைப் பார்க்க வெகுதூரம் போகத் தேவையில்லை. நந்திக்கடல், கொக்கிளாய், நாயாறு என்று களப்பில் வலைபோடுகிறவர்களிடம் கேளுங்கள், கடல் கெளுத்தியின் வாய்க்குள் முந்திரிகைப் பழம் (திராட்சை) அளவில் முட்டை கண்டிருப்பார்கள். அதுவும் தகப்பன்தான், அவனும் பட்டினிதான். வகுப்பில் "இனப்பெருக்கம்" பாடம் வரும்போது பிள்ளைகள் கோழியையும் பசுவையும்தான் சொல்வார்கள். நான் கெளுத்தியைச் சொல்வேன். மீனவக் குடும்பத்துப் பிள்ளைகள் உடனே கையை உயர்த்துவார்கள், அவர்கள் வீட்டில் கண்டதை முதல்தடவையாகப் பாடத்தில் கேட்கிறார்கள்.

கார்டினல் மீனில் இன்னொரு பக்கமும் உண்டு. எல்லாத் தகப்பனும் முட்டையைக் காப்பாற்றுவதில்லை. யப்பானில் செய்த ஆய்வுகளில், சில ஆண்கள் வாயில் எடுத்த முட்டை முழுவதையும் விழுங்கிவிடுவதைப் பதிவு செய்திருக்கிறார்கள். உடம்பில் சத்து இல்லாதபோது, அல்லது இன்னொரு பெண் கிடைக்கும் வாய்ப்பு இருக்கும்போது, இந்த ஒரு பந்துக்காகப் பட்டினி கிடப்பதைவிட அடுத்த முறைக்கு உடம்பைத் தேற்றுவது லாபம். சில இனங்களில் பெண்கள்தான் ஆணைத் தேடி வந்து ஒருவரோடொருவர் சண்டை பிடிப்பார்கள். வாய் வெறுமையாக உள்ள ஆண் கிடைப்பது கடினம் என்பதால் அப்படி. இதைப் பிள்ளைகளிடம் சொன்னால் தகப்பன் கெட்டவனா என்று கேட்பார்கள். நல்லது கெட்டது என்று பார்க்காமல், அந்த உடம்பில் எவ்வளவு பலம் மிச்சம் என்று கணக்குப் பாருங்கள் என்பேன்.

சிலாவத்துறைப் பொடியன்:

நான் கடலட்டைக்கு இரவில் சுழியோடுகிறவன். இந்த மீனை ஒவ்வொரு இரவும் காண்கிறேன், பெயர் இன்றைக்குத்தான் தெரியும்.

ஒரு விஷயம் கேட்கவேண்டும். ஒருநாள் ரோச் அணைத்துவிட்டுக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றேன். முன்னால் நின்ற மீன் ஒன்றின் வாய்க்குள்ளிருந்து நீல வெளிச்சம் பளீரென்று வந்தது. அடுத்த நொடி அதைத் துப்பியது, தண்ணீரில் நீலப் புகைபோலப் பரவி அணைந்தது. இரண்டு தரம் கண்டேன். மீனே வெளிச்சம் விடுகிறதா?

வங்காலைக்கடல்:

தம்பி, நல்ல கண் உங்களுக்கு. அது மீனின் வெளிச்சம் இல்லை, அதன் இரையின் வெளிச்சம்.

கடலில் ஒஸ்ட்ரகொட் என்று ஒரு சின்ன ஓட்டுயிர் உண்டு. எள்ளளவு, இரண்டு ஓட்டுக்குள் இறால்போன்ற உடம்பு. சில இனங்கள் ஆபத்து வந்தால் இரண்டு இரசாயனங்களைத் தண்ணீரில் பீச்சும், இரண்டும் சேர்ந்ததும் நீலமாக ஒளிரும். கார்டினல் மீன் இருட்டில் அதை வேறு இரை என்று நினைத்து வாய்க்குள் எடுக்கும். உள்ளேயே வெளிச்சம் கிளம்பும். இந்த மீன்களின் கன்னமும் தோலும் மெல்லியவை, வெளிச்சம் ஊடுருவித் தெரியும். அந்த நேரம் பக்கத்தில் சிங்க மீனோ கலவாயோ இருந்தால் இது அகப்பட்டதுதான். அதனால் துப்புகிறது. துப்பப்பட்ட ஓட்டுயிர் பலதரம் உயிரோடேயே போய்விடும். விழுங்க வந்தவனையே எதிரிக்குக் காட்டிக்கொடுத்துத் தப்பும் உபாயம் அது.

பேசாலை:

வெளிச்சம் என்றதும் ஒன்று சேர்க்கவேண்டும். இதே குடும்பத்தில் ஸிஃபாமியா என்று ஒரு சிறு இனக் கூட்டம் உண்டு, அவை உண்மையாகவே ஒளிர்கின்றன. வயிற்றுப் பக்கம் குடலோடு ஒட்டி ஒரு சின்னப் பை, அதற்குள் ஒளிவிடும் பற்றீரியா. குஞ்சு பிறக்கும்போது பை வெறுமை. கடல் தண்ணீரிலிருந்துதான் அந்தப் பற்றீரியாவை எடுத்துக்கொள்கிறது. பகலில் கடல்முள்ளியின் முட்களுக்குள் ஒளிந்திருக்கும், இரவில் வயிற்று வெளிச்சத்தோடு வெளியே போகும், விடியத் திரும்ப முட்களுக்குள்.

அந்தப் பற்றீரியாவின் பெயர் ஃபோட்டோபாக்டீரியம் மண்டபமென்சிஸ். நம் எதிர்க்கரை, தமிழ்நாட்டு மண்டபம்தான். 1970ல் அந்தப் பெயர் வைத்தார்கள். தலைமன்னாரிலிருந்து போட்டில் போய் இறங்கியவர்களுக்கு மண்டபம் என்றால் அகதி முகாம், வரிசை, பதிவு. நானும் அந்த முகாமில் வளர்ந்தவன். அதே கடற்கரைத் தண்ணீரில் ஒரு மீனுக்கு விளக்குக் கொடுக்கும் உயிர் இருந்தது என்று வாசித்தபோது அந்த ஊர் எனக்குள் கொஞ்சம் மாறிப்போயிற்று. அவ்வளவுதான் சொல்ல வந்தேன்.

செம்மலை வாடி:

வாசிக்க நன்றாக இருக்கிறது. ஆனால் கேட்கிறதைக் கேட்டுவிடுகிறேன். விற்கவும் முடியாத, தின்னவும் முடியாத ஒன்று குறைந்துபோனால் தொழிலுக்கு என்ன நட்டம்?

வங்காலைக்கடல்:

கேட்கவேண்டிய கேள்வி அண்ணை. இரண்டு விடை.

முதலாவது தீன். கலவாய், பாரை, விலாங்கு எல்லாம் பொழுதுபடும் நேரத்தில் எதைத் தின்கின்றன? கல்லில் பகல் முழுக்கக் கூட்டமாக நிற்கும் இந்தச் சிறுசுகளைத்தான். நீங்கள் கிலோக் கணக்கில் விற்கும் கலவாயின் உடம்பில் இதுவும் இருக்கிறது. அதுபோல, இது இரவில் வெளித் தண்ணீரில் தின்றதைப் பகலில் கல்லுக்குள் கழிக்கிறது. வெளியிலிருந்து கல்லுக்கு இரவிரவாக உரம் கொண்டுவரும் கூலியாள். முருகைக்கு அந்த உரம் தேவை.

இரண்டாவதுதான் எனக்குப் பெரிது. இந்த மீனுக்கு "கடல்" வீடு இல்லை, "அந்தக் கல்" வீடு. பெருந்தடுப்புப் பாறையின் தென்பகுதியில் வன் ட்ரீ தீவில் மூன்று இனங்களுக்கு அடையாளமிட்டுப் பார்த்தார்கள். 2000ஆம் ஆண்டு வெளிவந்த ஆய்வு. அதில் ஒன்று நான் மேலே சொன்ன ஐந்து கோட்டு மீன். மாதக்கணக்காகப் பெரும்பாலானவை ஒரே பொந்தில், ஒரு மீற்றர் வித்தியாசம்கூட இல்லாமல் நின்றன. பிடித்து ஒரு கிலோமீற்றருக்கு அப்பால் கொண்டுபோய் விட்டார்கள். நல்ல பங்கு சில நாளுக்குள் திரும்பி அதே இடத்துக்கு வந்துவிட்டது. விரல் நீள மீன், இருட்டில், ஒரு கிலோமீற்றர். வேறு சோதனைகளில் வீட்டின் மணத்தை வைத்து வழி பிடிக்கிறது என்று கண்டார்கள். திறந்த கடலில் மிதக்கும் குஞ்சுகள்கூடத் தாங்கள் வந்து சேரவேண்டிய கல்லின் தண்ணீர் மணத்தை நோக்கிப் போகின்றன என்று 2007ல் இன்னொரு ஆய்வு.

இனி வெடிபோடுவதை நினைத்துப் பாருங்கள். 1996ஆம் ஆண்டின் கடற்றொழில் சட்டம் வெடிமருந்தையும் நஞ்சையும் தடுத்துத்தான் இருக்கிறது, ஆனாலும் மன்னார்க் கடலில் சத்தம் கேட்டுக்கொண்டுதானே இருக்கிறது. ஒரு வெடியில் கொம்பு முருகை சல்லியாகிப்போகும். மிதந்த மீனை அள்ளிக்கொண்டு போட் போய்விடும். இரவு வெளியே போயிருந்த கார்டினல் மீன் விடியத் திரும்பி வரும். எங்கே? அது வேறு கல்லுக்குச் சும்மா குடிபெயர்கிற மீன் இல்லை. இடம்பெயர்ந்து அலைந்த எங்களுக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை.

சிலாவத்துறைப் பொடியன்:

வெடி போடுகிறவனுக்கு நானும் எதிரிதான் அண்ணை, கீழே ஆள் இருக்கும்போதும் போடுகிறார்கள். ஆனால் இந்தப் பேச்சு எப்போதும் கடைசியில் இரவுச் சுழியோட்டம், ரோச் வெளிச்சம் என்று எங்கள் தலையில் வந்து முடியும். அட்டை இரவில்தான் வெளியே வருகிறது, வேறு எப்போது போவது? கடன் இருக்கிறது.

ஒட்டுசுட்டான் ரீச்சர்:

தம்பி, உங்கள் கை ரோச்சை யாரும் குற்றம் சொல்லவில்லை. 2018 ஓகஸ்ட்டில் முல்லைத்தீவில் மீனவர்கள் தெருவில் இறங்கியது எதற்கு என்று தெரியும்தானே? சட்டவிரோத முறைகளுக்கு எதிராகத்தான். கடலைப் பகலாக்கும் அளவுக்கு வெளிச்சம் பாய்ச்சி ஒட்ட அள்ளுவது வேறு, ஒரு ஆள் குனிந்து அட்டை பொறுக்குவது வேறு. ஆனாலும் வெளிச்சத்துக்குப் பலன் உண்டு. கோமாளி மீனின் முட்டைகளை இரவிலும் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்த ஆய்வு 2019ல் வந்தது. ஒன்றுகூடப் பொரிக்கவில்லை, இருட்டில் வைத்தவை பொரித்தன. இருட்டில் பொரிப்பது முருகைக்கல் மீன்கள் பலவற்றுக்கும் பொது வழக்கம். அந்த நேரத்தில் ஒரே கல்லில் விடிய விடிய வெளிச்சம் நின்றால் நல்லதில்லை என்பதே என் கருத்து.

சூட்டையும் மறக்கக்கூடாது. 1998ல் மன்னார் வளைகுடா முருகை வெளுத்ததைப் பெரியவர்கள் கண்டிருப்பார்கள், 2016இலும் இலங்கையின் முருகை வெளுத்தது. கல் வெளுத்துச் செத்து நொறுங்கினால் பொந்து போயிற்று. அதோடு, 2009ல் வெளிவந்த ஆய்வில், பெருந்தடுப்புப் பாறையின் லிசாட் தீவில் சோதித்த இரண்டு கார்டினல் இனங்கள் 33 பாகை செல்சியஸ் அளவில் மூச்சுக்கு மேல் எதற்கும் பலமில்லாத நிலைக்கு வந்துவிட்டன. சித்திரையில் நம் பக்கத்து ஆழமில்லாத தண்ணீர் எப்படிச் சுடும் என்று உங்களுக்குத் தெரியும்.

பேசாலை:

வண்ண மீன் வாங்கும் ஆட்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. இந்தோனேசியாவில் பங்காய்த் தீவுகளைச் சொந்த இடமாகக் கொண்ட ஒரு கார்டினல் மீன் இருக்கிறது, கறுப்புப் பட்டையும் வெள்ளைப் புள்ளியுமாக மிக அழகு. 1990களில் கண்ணாடித் தொட்டி வியாபாரத்துக்குப் போகத் தொடங்கியது. அதன் குஞ்சு கடலில் மிதக்காது. தகப்பன் முட்டையையும் பிறகு குஞ்சையும் சேர்த்து ஒரு மாதம்போல வாயில் வைத்திருந்து, நேரே அதே கல்லடியில் விடும். ஒரு தடவைக்குச் சில பத்துக் குஞ்சுகள்தான். ஓரிடத்தில் வழித்து எடுத்தால் வெளியிலிருந்து வந்து நிரப்ப ஒன்றும் இல்லை. 2007ல் அழிவாபத்து உள்ளது என்று சிவப்புப் பட்டியலில் சேர்த்தார்கள். சின்ன மீன்தானே என்று யாராவது நம் பக்கம் வந்து விலை பேசினால் இதை நினைவில் வைத்துப் பேசுங்கள்.

செம்மலை வாடி:

சரி தம்பி. வலையில் வந்தால் இனி வாயைப் பார்த்து, உயிர் இருந்தால் உடனே திரும்பத் தண்ணீரில் போடச் சொல்கிறேன். பேரப்பிள்ளைகளுக்கு இதைக் காட்டவேண்டும். எப்போது, எங்கே?

வங்காலைக்கடல்:

அண்ணை, உங்கள் முல்லைத்தீவுப் பக்கம் என்றால் வாடை ஓய்ந்து தண்ணீர் தெளிந்த பிறகு, சித்திரையிலிருந்து ஆவணிவரை. எங்கள் மன்னார்ப் பக்கம் தென்மேற்குக் காற்றான சோளகத்தில் கடல் குழம்பிவிடும், மாரியில் அருவியாற்று வெள்ளம் வந்து தண்ணீர் கலங்கும். மாசி, பங்குனிதான் நல்லது.

சின்னப் பிள்ளைகள் இரவில் இறங்கத் தேவையில்லை. பகலில் கண்ணாடி போட்டு, இடுப்பளவு தண்ணீரில் கல்லோரம் மெதுவாக மிதந்தால் போதும். நீள முள் உள்ள கறுப்புக் கடல்முள்ளி நிற்கும் இடத்தில் கைவைக்காமல் முட்களுக்கிடையில் பார்க்கச் சொல்லுங்கள், சின்னக் குஞ்சுகள் தலைகீழாகக்கூட நிற்கும். பொந்துக்குள் பார்க்க ரோச்சின் முன்பக்கம் சிவப்புத் தாள் ஒட்டினால் மீன் அவ்வளவாகக் கலையாது. தாடை வீங்கிய மீனைக் கண்டால் வெளிச்சத்தை முகத்தில் பிடிக்காமல் பக்கவாட்டில் திருப்பவேண்டும், துரத்தக்கூடாது. மிரண்டால் முட்டையைத் துப்பிவிடும். கல்லின் மேல் காலூன்றி நிற்கவும் வேண்டாம், கொம்பு முருகை மிதித்தால் முறியும்.

படம் எடுத்தால் வாலடி தெளிவாகத் தெரிய எடுத்து இங்கே போடுங்கள். பொட்டா வளையமா என்று பார்த்து எந்த இனம் என்று சொல்கிறேன்.